குவாலிஸ் எங்கே போச்சு, டிராவலர் எப்படி நின்னுச்சு? சுற்றுலாச் சாலையில் பிராண்டுகள் மாறுவது ஏன்?

விடுமுறை நாளில் சித்தன்னவாசல் மலையடிவாரத்தில் நிற்கும் வண்டிகளை ஒரு சுற்று பார்த்தாலே போதும். தமிழ்நாட்டுச் சுற்றுலாச் சாலையில் இப்போ எந்த பிராண்டு ஓடுது, எது ஓய்ஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுடும். இன்னோவா, எர்டிகா, நடுவில் உயரமாக ஒரு டெம்போ டிராவலர். பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி இடங்களில் நின்றவை டவேரா, சுமோ, குவாலிஸ், ஆம்னி. அதற்கும் முன்னால் அம்பாசடரும் மகேந்திரா வேனும்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் சுமார் 16 கி.மீ. தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல். ஏழடிப்பட்டத்தின் சமணர் படுக்கைகளையும் அறிவர் கோயில் ஓவியங்களையும் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்புவதில்லை. குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் மூவர் கோயில், விராலிமலை, திருமயம் கோட்டை என்று ஒரே நாளில் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். பஸ் மாறி மாறிப் பிடித்தால் இது நடக்காது. பாட்டி, பேரன், சாப்பாட்டுத் தூக்கு, பாய் எல்லாத்தோடும் கிளம்பும் குடும்பத்துக்கு வேன்தான் வழி.

அந்த வேன் எந்த பிராண்டு என்பதை முடிவு பண்ணுவது யார்? நிச்சயமாக அந்தக் குடும்பம் இல்லை.

கண்ணாடியில் ஊர் பேர், கணக்கில் டியூ

வேன் பிடிக்கப் போகிறவர் கேட்பது மூன்றே கேள்வி. எத்தனை பேர் உட்காரலாம், ஏ.சி. இருக்கா, கிலோமீட்டருக்கு எவ்வளவு. பிராண்டு அதற்கு அப்புறம்தான்.

பிராண்டைப் பற்றி ராத்தூக்கம் இல்லாமல் யோசிப்பவர் வண்டி ஓனர். அதிலும் ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு தானே ஓட்டுபவர். சுற்றுலா சீசன், முகூர்த்த மாதங்கள், சபரிமலை சீசன் என்று வருமானம் அலை அலையாகத்தான் வரும். ஆனால் டியூ தேதி மாசா மாசம் தவறாமல் வந்துவிடும். அதனால் அவர் பார்ப்பது வேற கணக்கு. நடுவழியில் நின்னா பக்கத்து ஊர் மெக்கானிக்குக்கு இந்த இன்ஜின் தெரியுமா? ஸ்பேர் கிடைக்குமா? ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன விலை போகும்?

கடைசிக் கேள்விதான் பெரியது. மறுவிற்பனை விலை நல்லா இருக்கும் வண்டிக்கு ஃபைனான்ஸ் கம்பெனி யோசிக்காமல் கடன் கொடுக்கும். கடன் சுலபமாகக் கிடைப்பதால் அந்த வண்டியையே நிறைய பேர் வாங்குவார்கள். நிறைய பேர் வாங்குவதால் மெக்கானிக் பழகுவார், ஸ்பேர் பெருகும், மறுவிற்பனை விலை இன்னும் ஏறும். இந்தச் சக்கரத்துக்குள் ஒரு பிராண்டு நுழைந்துவிட்டால் அதை வெளியே தள்ளுவது கஷ்டம். நுழையவே முடியாமல் போன நல்ல வண்டிகளும் உண்டு. மிட்சுபிஷி வேனை அடிப்படையாக வைத்து மகேந்திரா 1997இல் இறக்கிய வாயேஜர் அப்படி ஒன்று. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

12 என்ற எண்ணின் மகிமை

வேன் விளம்பரங்களில் '12 சீட்டர்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். 12 என்பது கம்பெனி விருப்பப்பட்டு வைத்த எண் இல்லை, சட்டம் போட்ட கோடு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவரைத் தவிர 6 பயணிகள் வரை ஏற்றும் வாடகை வண்டி 'மோட்டார் கேப்'. ஆறுக்கு மேல் 12 வரை என்றால் 'மேக்ஸி கேப்'. அதையும் தாண்டினால் பஸ் வகைக்குள் போய்விடும். வரி, பெர்மிட் எல்லாம் இந்த வகையைப் பார்த்துத்தான். டிரைவரோடு சேர்த்து 7 சீட் இன்னோவா ஒரு வகை, அதே இன்னோவா 8 சீட்டாக வந்தால் வேற வகை. பார்க்க இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கண்ணுக்கு வேற வேற.

இந்தக் கோட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தும் உடம்பு யாருக்கு இருக்கோ அவர்தான் ஜெயிக்கிறார். டிரைவரோடு 13 பேர், நிமிர்ந்து நடக்க உயரமான கூரை, பின்னால் பெட்டி வைக்க இடம். டிராவலர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

நல்லா ஓடிய வண்டிகள் ஏன் காணாமல் போயின?

'குவாலிஸ் மாதிரி வண்டி இனி வராது' என்று சொல்லும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2000இல் வந்த குவாலிஸை விற்பனை நன்றாக இருக்கும்போதே 2005இல் டொயோட்டா நிறுத்தியது. அதன் இடத்துக்கு இன்னோவாவைக் கொண்டுவரத்தான். விலையும் ஏறியது, சொகுசும் ஏறியது. விலையில் குவாலிஸ் விட்ட இடத்தைப் பிடித்தது 2004இல் அறிமுகமாகியிருந்த செவர்லே டவேரா. 10 பேர் வரை உட்காரலாம் என்பதால் வாடகை வண்டி ஓனர்களுக்கு அது வரமாகத் தெரிந்தது.

அந்த வரம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. புகை விதிகள் தொடர்பான சிக்கலில் 2013இல் சுமார் 1.14 லட்சம் டவேரா வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. சோதனையில் தேறுவதற்காகச் சில ஊழியர்கள் விதிமீறலில் ஈடுபட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்து 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. கம்பெனி மூட்டை கட்டிவிட்டது, வண்டி வாங்கியவர் டியூ கட்டிக்கொண்டிருந்தார். பிராண்டின் பெயர் நம்பிக்கை சார்ந்தது என்று விளம்பரத்தில் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார் என்பதை இந்த இடத்தில் பார்க்கலாம்.

மற்றவற்றை விரட்டியது விதிகள். 2019இல் மோதல் சோதனை உள்ளிட்ட பாதுகாப்பு விதிகள் அமலாகின. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 புகை விதி. பழைய வடிவமைப்புகளை இதற்கு ஏற்ப மாற்றுவதைவிட நிறுத்துவதே மலிவு என்று கம்பெனிகள் முடிவு பண்ணின. 1984இல் மாருதி வேனாக வந்து பிறகு ஆம்னியான வண்டி 2019இல் விடைபெற்றது. 1994இல் பிறந்த டாடா சுமோவும் அதே ஆண்டு. மகேந்திரா சைலோவும் அப்படியே. அம்பாசடர் 2014லேயே முடிந்துபோன கதை.

இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை என்று ஒரு பக்கம் சொல்லலாம். முன்சீட்டில் இருப்பவருக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஆம்னியில் இருந்தது ஒரு தகடுதான். பாதுகாப்பு கூடியது உண்மை. கூடவே விலையும் கூடியது என்பதும் உண்மை. மலிவான பெரிய வண்டி என்ற வகையே கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. பி.எஸ்.-6 வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டது. சி.என்.ஜி. எர்டிகா எரிபொருள் செலவைக் குறைக்கும்தான். ஆனால் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். ஆறு பேர் குடும்பத்தோட சுமை மேலே கேரியருக்குப் போகும்.

ஆள் மாறியாச்சு, பேர் மாறலை

இன்னொரு விசித்திரம். சாலையில் நாம் சொல்லும் பெயர்களில் பாதி இப்போ எந்தக் கம்பெனிக்கும் பெயர் இல்லை.

'டெம்போ' ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கம்பெனி ஒன்றின் பெயர். அதன் உரிமத்தோடு தொடங்கிய பஜாஜ் டெம்போ, மெர்சிடிஸ் பென்ஸ் வேன் ஒன்றின் வடிவமைப்பில் 1980களின் பிற்பகுதியில் டிராவலரை இறக்கியது. 2005இல் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. இருபது வருஷம் ஆகியும் 'ஃபோர்ஸ் வேன் வேணும்' என்று யாரும் கேட்பதில்லை. டெம்போ டிராவலர்தான்.

சுவராஜ் மஸ்தாவும் இதே ரகம். 2011இல் எஸ்.எம்.எல். இசுசு ஆனது, 2025இல் மகேந்திராவின் கைக்குப் போனது. சுவராஜ் டிராக்டரை மகேந்திரா 2007லேயே வாங்கியிருந்தது. ஆக ஒரு காலத்தில் கல்யாண வீட்டு வாசலில் போட்டி போட்டு நின்ற 'மகேந்திரா வேன்', 'சுவராஜ் மஸ்தா' இரண்டும் இப்போ ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அமெரிக்காவிலும் இதேதான். அங்கே பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் கொக்கி பொருத்தி இழுத்துப்போகும் 'ஃபிஃப்த் வீல்' என்ற நகரும் வீடுகள் பிரபலம். நம்ம ஊர் கன்டெய்னர் டிரெய்லரில் இருக்கும் அதே ஃபிஃப்த் வீல் இணைப்புதான், சுமைக்குப் பதில் படுக்கையறை. பிராண்டுகள் ஏராளம், ஆனால் கீஸ்டோன், ஜேகோ இரண்டும் தோர் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ். 2012இல் தொடங்கி மளமளவென வளர்ந்த கிராண்ட் டிசைனை 2016இல் வின்னபேகோ வாங்கிவிட்டது. போட்டி ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு.

நம்ம ஊருக்கு கேரவன் வருமா?

தமிழில் கேரவன் என்றால் உடனே ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங். அதை ஊர் சுற்றும் குடும்பத்துக்கும் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது, அடுத்த ஆண்டு வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

ஆனால் கணக்கு இடிக்கிறது. டிராவலர் அளவு வண்டியில் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை வைத்தால் நாலைந்து பேர்தான் தூங்க முடியும். அதே நீளத்தில் 12 பேர் உட்கார்ந்து போகலாம். தலைக்கு வாடகை பிரித்துக் கொடுக்கும் ஊரில் இது சாதாரண வித்தியாசம் இல்லை. தண்ணீர் நிரப்ப, கழிவை அகற்ற, ராத்திரி பத்திரமாக நிறுத்த இடங்கள் வரிசையாக வந்தால்தான் குடும்பங்கள் இதைப் பற்றி யோசிக்கவே செய்யும்.

இப்போ காற்று எந்தப் பக்கம்?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. டிரைவரையும் சேர்த்து 10 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆனது. எர்டிகா, இன்னோவா போன்ற 4 மீட்டரைத் தாண்டிய வண்டிகளுக்கு 40 சதவீதம். முன்பு மேல்வரியோடு சேர்த்து இதைவிடக் கூடுதலாக இருந்தது, அதனால் இதுவும் குறைவுதான். ஆனாலும் ஏழு பேர் வண்டிக்கு 40, பதிமூன்று பேர் வண்டிக்கு 18 என்பது பெரிய இடைவெளி. புதுசா வண்டி எடுப்பவரை இது வேன் பக்கம் தள்ளும்.

அதுவரை இடைவெளியை நிரப்புவது என்ன? 'ஓன் போர்டு' வண்டிகள். வெள்ளை நம்பர் பிளேட் மாட்டிய சொந்த உபயோக வண்டி வாடகைக்குப் போகிறது. பெர்மிட் செலவு இல்லை, வரி குறைவு, அதனால் வாடகையும் குறைவு. மஞ்சள் போர்டு வைத்து, 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும் அதற்குப் பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. காட்டி ஓட்டுபவரின் வயிற்றில் அடிப்பது இது.

ஏறுகிறவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸில் 'வாடகைக்கு ஓட்டக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நடந்தால் கம்பெனி முதலில் காட்டுவது அதைத்தான். மஞ்சள் போர்டு வண்டியிலும், சீட் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால் இதே தலைவலி உண்டு. அனுமதிக்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கைக்குத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆர்.சி.யை ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம். எத்தனை சீட் என்பது அதிலேயே இருக்கும்.