தவிட்டு மெழுகு: எதில் கழுவியது என்று கேளுங்கள்



பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன் நான். ரசாயனம் எனக்குக் கற்றுக் கொடுத்தது திரும்பி வந்த சரக்குதான். சில ஆண்டுகளுக்கு முன் உதட்டுப் பூச்சு தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்திற்கு 20 மூட்டை தவிட்டு மெழுகு அனுப்பினேன். பார்வைக்கு நல்ல மஞ்சள், விலையும் சகாயம். அவர்கள் உருக்கியதும் பெயிண்ட் கடை வாடை கிளம்பிவிட்டது. சரக்கு திரும்பியது, லாரி வாடகை இரண்டு பக்கமும் என் கணக்கில். விசாரித்தால், சுத்தம் செய்தவர் மலிவாகக் கிடைத்த தின்னரில் கழுவியிருக்கிறார்.

தவிட்டு எண்ணெயைக் குளிரவைத்தால் அடியில் படியும் கசடுதான் மெழுகின் மூலச் சரக்கு. அதில் எண்ணெய் ஏராளமாகக் கலந்திருக்கும். எண்ணெயைப் பிரித்தால்தான் மெழுகு கெட்டியாகி, 75 டிகிரிக்கு மேல் உருகும் தரத்திற்கு வரும். அதற்கு எண்ணெயைக் கரைத்து மெழுகை விட்டுவைக்கும் கரைப்பான் வேண்டும். இங்கேதான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குப் போடுகிறார்கள்.

ஹெக்ஸேன் நமக்குப் பழகியது. தவிட்டு எண்ணெய் ஆலைகளே அதில்தான் ஓடுகின்றன. ஏறக்குறைய 69 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், தண்ணீரோடு சேராது, திரும்ப எடுப்பது சுலபம். ஆனால் சூடாக இருந்தால் எண்ணெயோடு மெழுகையும் கரைத்துக்கொண்டு போகும், ஆகவே குளிரில் கழுவ வேண்டும். அதன் ஆவி காற்றைப் போல் மூன்று மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து, எங்கோ எரியும் அடுப்பைத் தேடிப் போகும். நாள்தோறும் சுவாசிப்பவருக்குக் கை கால் நரம்பு கெடும். திறந்த அண்டாவில் ஹெக்ஸேன் வைத்துக் கழுவுகிறவரிடம் சரக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவர் எனக்கு உறவு முறை என்றாலும் சரி.

அசிட்டோன் எண்ணெயைக் கரைக்கும், மெழுகை அதிகம் தொடாது. ஆனால் தவிட்டு எண்ணெயிலுள்ள பசை அதில் கரைவதில்லை. அது மெழுகோடு தங்கி, சூடேற்றும்போது சரக்கைக் கறுக்க வைக்கும். பசை நீக்காத கசடுக்கு அசிட்டோன் மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நம் வழக்கில் ஐ.பி.ஏ., கொதிக்கும் சூட்டில் மெழுகைக் கரைக்கும். அடியில் நிற்கும் பிசினை வடிகட்டிவிட்டு ஆறவைத்தால் மெழுகு தூள் தூளாகப் படியும். முதலில் எண்ணெய் போக ஒரு கழுவு, பிறகு இது என்று செய்தால் வெளுப்பதற்கும் நல்ல சரக்கு வரும். செலவோ கூடுதல். அதை ஆவியாக்க ஹெக்ஸேனைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு வெப்பம் வேண்டும். ஈரக் கசடைப் போட்டால் தண்ணீரும் கூடவே வாலை வடித்தலில் ஏறிவிடும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு தண்ணீர் எத்தனை முறை வடித்தாலும் சேர்ந்தே வரும். அந்த ஐ.பி.ஏ. அடுத்த தடவை மெழுகைச் சரியாகக் கரைக்காது. கசடைக் காயவைக்காமல் "ஐ.பி.ஏ. சரியில்லை" என்று குறை சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்!

பாலீஷுக்குப் போகும் மெழுகுக்கு ஹெக்ஸேன் போதும், கடைசியில் ஆவியை முழுக்க ஓட்டியிருந்தால். வாய்க்கும் தோலுக்கும் போகும் சரக்குக்குத் தின்னர் கூடவே கூடாது. அதில் டொலுயீன் முதலியவை என்ன அளவில் கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. உணவு எண்ணெயிலேயே ஹெக்ஸேன் எச்சம் பத்து லட்சத்தில் 5 பங்கைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு விதி இருக்கிறது. உதட்டில் பூசுவதற்கு மட்டும் நாம் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

கடையில் செய்யக்கூடிய சோதனை எளிது. நகத்தால் அழுத்துங்கள், குழைந்தால் எண்ணெய் இருக்கிறது, உடைந்தால் நல்லது. கொஞ்சம் உருக்கி முகருங்கள். எச்சத்தின் அளவு மட்டும் பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும்.

இப்போது கொள்முதல் ஆர்டரிலேயே கரைப்பானின் பெயரை எழுதச் சொல்லிக் கேட்கிறேன். இரண்டு பேர் சரக்குத் தருவதை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவர் கிலோவுக்குச் சற்றுக் கூட்டி, சோதனை அறிக்கையும் சேர்த்து அனுப்பினார். அவரிடமிருந்துதான் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன்.