கோர்ட்டுல பஸ் நிக்குது

வர்ற வியாழக்கிழமை நம்ம காலேஜ் ஆண்கள் பேஸ்கட்பால் டீமுக்கு சோனல் மேட்ச். ஸ்டேட்டஸ்ல "ஆல் தி பெஸ்ட் பாய்ஸ்" போட்ட எல்லாருக்கும் நன்றி. அப்படியே மதியம் ஒரு தடவை மெக்கானிக்கல் பிளாக் பின்னாடி இருக்கிற நம்ம கோர்ட்டைப் போய்ப் பாருங்க. அங்க ஆறு காலேஜ் பஸ் நிக்கும்.

நான் பிளேயர் இல்ல. ரெண்டு வருஷமா டீமுக்கு ஸ்கோர் ஷீட் எழுதறவன். அதனால எனக்கு ஆட்டம் நம்பரா தான் ஞாபகம் இருக்கும். போன வருஷம் நாலு பாயின்ட்ல தோத்தோம். அன்னைக்கு நாம மிஸ் பண்ண ஃப்ரீ த்ரோ மட்டும் ஒன்பது. ஃப்ரீ த்ரோ போடும்போது யாரும் குறுக்க வர மாட்டாங்க. போர்டுல இருந்து 4.6 மீட்டர் தள்ளி ஒரு கோடு, கையில பந்து, அஞ்சு செகண்ட் டைம். உயரமோ வேகமோ அங்க பெருசா உதவாது. தினமும் நூறு பந்து போட்டுப் பழகின கைக்குத்தான் அது விழும். எதிர் டீம் நம்மளவிடத் திறமைசாலி இல்ல. அவங்களுக்கு கோர்ட் இருந்துச்சு, அவ்வளவுதான்.

நம்ம பசங்க எப்போ பழகறாங்க? காலையில பஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். சாயங்காலம் பஸ் கிளம்பின பிறகு, இருட்டறவரைக்கும். லைட் கிடையாது. பஸ்ல இருந்து சொட்டின ஆயில் கறை மேல மணலைப் போட்டுட்டு ஆடறாங்க. அதுல வழுக்கி ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகி, மூணு வாரம் போச்சு. கடல் காத்துல ரிங் துருப்பிடிச்சுக் கிடக்கு. எண்ணூர்ப் பையன் விடியறதுக்கு முன்னாடியே கும்மிடிப்பூண்டி லைன் லோக்கல்ல கிளம்பி வர்றான். காசிமேட்டுப் பையன் அப்பாகூட மீன் ஏலத்துக்குப் போயிட்டு நேரா கோர்ட்டுக்கு வர்றான். முதல் பீரியட்ல அவன் தூங்கினா நாம சிரிக்கிறோம்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே இடம் இல்லாத மாணவர்களோட கதைதான். 1891 டிசம்பர்ல, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டுல குளிரால வெளிய ஆட முடியாத ஒய்.எம்.சி.ஏ. மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித்னு ஒரு வாத்தியார் பழக்கூடையை மாட்டி உருவாக்கினது. அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச எச்.சி.பக் தான் 1920-ல நம்ம சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். முழு கோர்ட்டே 28 மீட்டருக்கு 15 மீட்டர்தான். ஒரு கிரிக்கெட் கிரவுண்டுக்குப் பக்கத்துல வெச்சா ஒரு மூலை. அந்த மூலையைத்தான் நாம பார்க்கிங் ஆக்கியிருக்கோம்.

"பிளேஸ்மென்ட் டைம்ல பந்து எதுக்கு?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. நம்ம வீட்டுல எல்லாருமே வேலைக்காகத்தான் நம்மளை இங்க அனுப்பினாங்க. ஆனா இஞ்சினியரிங் கவுன்சலிங்லயே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 சீட் இருக்கு. அரசு வேலையிலயும் 3 சதவீதம் இருக்கு. ரயில்வேயும் பேங்குகளும் பேஸ்கட்பால் ஆடறவங்களை வேலைக்கு எடுத்திருக்காங்க. நம்ம வட சென்னை ஆட்டோ டிரைவர் மகள் காசிமா, 2024-ல அமெரிக்காவில நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் ஜெயிச்சாங்க. இந்தப் பக்கத்துல விளையாட்டு டைம்பாஸ் மட்டும் இல்ல.

உண்மையைச் சொல்றேன். நம்ம பன்னிரண்டு பேர்ல யாரும் இந்தியாவுக்கு ஆடப் போறதில்லைன்னு அவங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் அஞ்சு மணிக்கு எழுந்து வர்றாங்க. அதுக்கு நாம தர்ற மரியாதை, ஜெயிச்சா கேட்ல ஒரு ஃப்ளெக்ஸ். தோத்தா "வேஸ்ட்டு டீம்".

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. பஸ்ஸை ஹாஸ்டல் பக்கத்துல சும்மா கிடக்கிற காலி இடத்துக்கு மாத்தலாம். கோர்ட்டுக்கு ரெண்டு ஃப்ளட்லைட் போடலாம். மேட்ச் நாளுக்கு ஓ.டி. கேட்டு பசங்க மூணு ரூம் ஏறி இறங்காம ஒரே கையெழுத்துல முடிக்கலாம். டீம்ல நாலு பேர் ஃபைனல் இயர், என்னை மாதிரி. இதெல்லாம் நடந்தாலும் எங்களுக்கு உதவாது. ஜூனியர் பசங்களுக்கு உதவும்.

வியாழக்கிழமை முடிஞ்சவங்க வாங்க. நல்லா கத்துங்க. நம்ம பசங்க ஃப்ரீ த்ரோ போடும்போது மட்டும் அமைதியா இருங்க. பழக நேரம் கொடுக்காத நாம, அந்த அஞ்சு செகண்டையாவது கொடுப்போம்.