பிறந்த தேதியைத் தாண்டியும் படியுங்கள்

என் பிறந்த தேதியைப் பார்த்த பிறகு யாரும் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுவதில்லை. 1984 என்று இருக்கிறது. அதோடு ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் செய்து வைத்தார்கள். மேலே படிக்கிறேன் என்று அழுதேன். "போற இடத்துல படிச்சுக்கலாம்" என்றார்கள். போன இடத்தில் இரண்டு பிள்ளைகள், மாமனாரின் கடைசிக் காலம், அதற்குப் பிறகு பக்கவாதத்தில் விழுந்த மாமியார். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர முடிந்தது. வீடு தூங்கிய பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகி, 2021இல் முதல் வகுப்பில் தேறினேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் லோயர் முடித்தேன். டேலி படித்தேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கற்றுக்கொண்டேன். "படிக்க வயசு ஏதும்மா!" என்று வாய் நிறையப் பாராட்டிய ஊர் இது. அதே ஊரில்தான் இப்போது வேலை கேட்கிறேன்.

அறந்தாங்கியில் வேலையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜவுளிக்கடை, நகைக்கடை, ஃபைனான்ஸ், மெட்ரிக் பள்ளி என்று எத்தனையோ இருக்கின்றன. கணக்கு எழுத ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு கடைக்குப் போனேன். முதலாளி பயோடேட்டாவை வாங்கினார். அவர் விரல் பிறந்த தேதியில் நின்றது.

"பிள்ளைங்க என்ன படிக்குது?"

"பொண்ணு பத்தாவது, பையன் ஆறாவதுங்க."

"வீட்ல வேற யாரு?"

மாமியாரைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். "அடிக்கடி லீவு கேப்பீங்கம்மா. நாங்க சின்னப் பொண்ணா பாக்குறோம்."

அவர் மேஜையிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. ஒரே ஒரு என்ட்ரி போடச் சொல்லியிருந்தால்கூட என் மனது ஆறியிருக்கும். என் வயதில் ஓர் ஆண் வந்து நின்றால் இந்தக் கேள்விகள் வருமா? அவனுக்குப் பிள்ளைகள் இருந்தால் 'குடும்பஸ்தன், பொறுப்பா இருப்பான்' என்கிறார்கள். எனக்குப் பிள்ளைகள் இருந்தால் லீவு போடுவேன் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ஒரு பள்ளியில் "பி.எட். இல்லையே, யுகேஜிக்கு வேணா வாங்க, ஆறாயிரம்" என்றார்கள். வருஷ நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டுமாம். இத்தனை வருஷம் ஏங்கி வாங்கிய பட்டத்தை அவர்கள் பீரோவில் அடகு வைத்துவிட்டு, அந்த ஆறாயிரத்துக்கு நான் அடங்கி நடக்க வேண்டும். இன்னோர் இடத்தில் "ஓ, கரஸ்ஸா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதை எடுத்துச் சொன்னேன். "ரூல்ஸ் எல்லாம் பேசுறீங்க" என்ற பதில்தான் வந்தது.

புதுக்கோட்டைக்குப் போய்ப் பார்க்கலாமே என்று சுலபமாகச் சொல்கிறார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். புதுக்கோட்டை பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். வாங்கப்போகும் சம்பளத்தில் பஸ்ஸுக்கே ஒரு பங்கு போய்விடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்து மதியச் சோறு ஊட்ட அங்கிருந்து எப்படி ஓடி வருவேன்?

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும் போனேன். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர் கம்பெனிகள் வரிசையாக மேஜை போட்டிருந்தன. 'வயது 18 முதல் 25 வரை, தங்குமிடம் உணவு இலவசம்' என்று போர்டு. பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு நான் ஹாஸ்டலில் தங்குவது? எங்கள் மாவட்டத்தில் நடக்கிற முகாமில் எங்கள் ஊர் வேலை ஒன்றுகூட இல்லை.

வயிறு எரிவது இதற்கெல்லாம் மேலே ஒன்றுக்கு. வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45 வயது வரை. மற்றவர்களுக்கு 40 தாண்டக் கூடாது. நான் 37 வயதில் பதிந்தேன். ஐந்து வருஷம் முடியும்போது எனக்கு 42. அந்த 'மற்றவர்களில்' முப்பத்தைந்தைத் தாண்டிப் பட்டம் வாங்கிய என்னைப் போன்ற எவளும் அந்த உதவித்தொகையைத் தொடவே முடியாது. விதியை எழுதியவர்களுக்கு, இந்த வயதில் ஒருத்தி பட்டம் வாங்குவாள் என்ற நினைப்பே வரவில்லையே! காசு 600தான். ஆனாலும் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதைத் தாங்க முடியவில்லை.

டிஎன்பிஎஸ்சி ஒன்றுதான் ஆறுதல். என்னைப் போன்ற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பட்டதாரிகளுக்கு குரூப் 4இல் பெரும்பாலான பதவிகளுக்கு வயது உச்சவரம்பு இல்லை. மனதார நன்றி. 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வு முதலில் 3,935 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். கோச்சிங் சென்டரிலும் நூலகத்திலும் காலை முதல் ராத்திரி வரை உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளோடு, பெட்பேன் அலசிய கையோடு நானும் மோத வேண்டும். மோதுகிறேன், விடப்போவதில்லை. அதற்காக, தனியார் சாத்தும் கதவைப் பற்றி யாரும் கேட்கக் கூடாதா? அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலையில் மதம், சாதி, பால், பிறந்த இடம் என்று எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. ஜவுளிக்கடையையும் மெட்ரிக் பள்ளியையும் அந்தப் பிரிவு தொடுவதே இல்லை. 'சின்னப் பொண்ணா பாக்குறோம்' என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறவரை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பேன்?

நான் இரக்கம் கேட்கவில்லை. முகாம் நடத்தும் அதிகாரிகளே, உள்ளூர்க் கடைகளையும் பள்ளிகளையும் கூப்பிட்டு மேஜை போட வையுங்கள். வயதுக் கட்டம் போட்ட போர்டுகளை இறக்கச் சொல்லுங்கள். உதவித்தொகைக்கான வயதைப் பட்டம் வாங்கிய தேதியை வைத்துக் கணக்கிடுங்கள். முதலாளிமாரே, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஒன்பதரைக்கு வருகிறேன், மதியம் மாமியாருக்குச் சோறு ஊட்டி வரும் நேரம் போக, சாயங்காலம் நாலு மணி வரை நிமிராமல் வேலை செய்கிறேன், அதற்குத் தகுந்த சம்பளம் கொடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் கடையின் ஒரு மாத பில்களை என் முன்னால் போடுங்கள். ட்ரயல் பேலன்ஸ் பிசகாமல் முடித்துத் தருகிறேன். அதைப் பார்த்துவிட்டு என் வயதைக் கேளுங்கள்.