'டேபிள் பண்ணலாம்'னா... இப்பவா, அப்புறமா?

'இன்டர்வியூவில் அசத்த 50 ஆங்கில இடியம்கள்' ரகத்தில் ஒரு ரீல்ஸாவது கண்ணில் படாத நாள் குறைவு. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' அதில் கண்டிப்பாக இருக்கும். அது தெரியாததால் எந்த கிளையன்ட் காலும் சொதப்பப் போவதில்லை.

சொதப்புவது, தெரிந்த மாதிரி இருக்கும் சொற்களில்தான்.

'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால், 'இதை இப்பவே பேசிடலாம்' என்று அர்த்தம். அமெரிக்கர் சொன்னால், 'இப்போதைக்கு ஓரமா வைங்க'. நேர் எதிர்! இந்திய ஆங்கிலம் பிரிட்டன் வழி. நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்தார்கள் என்றால், அவையின் முன் வைத்தார்கள் என்றே இங்கே புரிந்துகொள்வார்கள். இந்தப் பழக்கத்தில், ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒருவர் டல்லாஸ் கிளையன்ட் சொன்னதைக் கேட்டு ராத்திரி முழுக்க ஸ்லைடு தயாரித்தால், அவர் ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இதே சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் நீண்ட நேரம் காரசாரமாக மோதிக்கொண்டதை சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். கடைசியில் பார்த்தால், இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான்.

அது சிரித்துவிட்டுக் கடக்கிற கதை. 1951 ஏப்ரலில், கொரியப் போரில் நடந்தது அப்படியல்ல. இம்ஜின் ஆற்றருகே குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படைகள் சூழ்ந்துவிட்டன. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் கேட்க, 'எ பிட் ஸ்டிக்கி' என்றாராம் பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி. பிரிட்டிஷ் பாணியில் அதற்கு 'நிலைமை கைமீறுது' என்று பொருள். 'கொஞ்சம் சிரமம், சமாளிச்சிடுவாங்க' என்று எடுத்துக்கொண்டார் ஜெனரல். பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. அந்தப் பிரிவில் பெரும்பாலோர் இறந்தார்கள், அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள்.

இருவருக்குமே ஆங்கிலம் தாய்மொழி என்பதைக் கவனிக்க வேண்டும். 'இங்கிலீஷ் வராதுன்னு நினைச்சிடுவாங்களோ' என்று மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, அப்புறம் கூகுளில் தேடுபவர்கள் இங்கே ஏராளம். 'டேபிள்னா இப்பவா, அடுத்த வாரமா?' என்று அங்கேயே கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. 50 இடியம் மனப்பாடம் செய்வதைவிட அந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம்.

பொறுப்பு பேசுபவருக்கும் உண்டு. டெட்லைன் தவறப் போகிறது என்றால் 'இட்ஸ் எ பிட் டைட்' என்று மழுப்பாமல், 'வெள்ளிக்கிழமை முடியாது, புதன்கிழமை தருகிறோம்' என்று தேதியோடு சொல்லலாம்.

இந்தக் கணக்கில் பார்த்தால், 'டூ த நீட்ஃபுல்' மீதான கிண்டலில் நியாயம் இருக்கிறது. எதைச் செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. 'பிரிபோன்' பாவம். ஒரே சொல்லில் விஷயம் முடிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம் பிடித்துவிட்டது. அதை ஏன் கிண்டல் செய்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.