பாவம் அந்த பம்ப்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல ஸ்டீயரிங் கனமாகி, கூடவே முனகவும் ஆரம்பிச்சா நம்ம மக்கள் ரெண்டே தீர்ப்புதான் சொல்வாங்க. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்பது ஒன்று. "பம்ப் போச்சு, மாத்திடு" என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் முதலாவது ஆளைக் கொல்லும், இரண்டாவது பர்ஸைக் கொல்லும்.

என்னிடம் இருப்பது 1991 மாஸ்டா மியாட்டா. 1989-ல் வந்த எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை. தவளை முழிக்கிற மாதிரி முன் விளக்கு மேலே எழும்புமே, அதேதான். அமெரிக்காவில் அப்போது அடிப்படை மாடலில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, கூடக் காசு கொடுத்தால்தான். என் வண்டியில் உண்டு. இந்தக் காரை வாங்குவதே அந்த ஸ்டீயரிங்குக்காகத்தான். ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூட கைக்குச் சொல்லிடும். அதுவே முரண்டு பிடித்தால் அப்புறம் அந்த வண்டி எதுக்கு?

சரி, மேட்டருக்கு வருவோம். "கனமா இருக்கு, சத்தமும் வருது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். சில சமயம் ரெண்டுக்கும் ஒரே காரணம்தான். ஆனால் பல சமயம் அது ரெண்டு தனித்தனி வியாதி. தனித்தனியாத்தான் விசாரிக்கணும்.

முதலில் சத்தம். காதைத் தீட்டிக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

திருப்பும்போது 'கீச்ச்' என்று கத்தினால் பெல்ட். மியாட்டாவில் ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் ஒரே பெல்ட்டில் ஓடும். தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் உதவி குறையும், ஸ்டீயரிங் கனக்கும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊஊ' முனகல் என்றால் ஆயில் குறைவு, அல்லது ஆயிலில் காற்று. டப்பாவைத் திறந்து பாருங்க. ஆயில் நுரைத்திருந்தால் எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம்.

'டொக்' என்றால் டை ராட் முனை, பால் ஜாயிண்ட், ரேக் புஷ் பக்கம் போங்க. கடைசி வரை திருப்பிப் பிடிக்கும்போது வரும் 'உஸ்ஸ்' மட்டும் இயல்பானது. அழுத்தம் கூடிப்போய் உள்ளே வால்வு திறக்கிற சத்தம் அது. அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, ஆயில் கொதிச்சுடும்.

அடுத்து கனம். காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்க. டயர் காற்று எவ்வளவு? இந்த வண்டிக்கு கம்பெனி சொல்வது 26 பிஎஸ்ஐ. அதிலும் குறைந்து கிடந்தால், அதுக்கு மேல அகல டயரும் போட்டிருந்தால், பார்க்கிங்கில் மல்யுத்தம்தான்.

அது சரியா இருந்தா, முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. எஞ்சினை அணைத்து, சாவியை பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் திருப்பி, ஸ்டீயரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்க. சுலபமாகச் சுற்றினால் பிரச்சினை பெரும்பாலும் ஆயில், பெல்ட், பம்ப் பக்கம். அப்போதும் இறுக்கினால் அது இரும்புச் சமாச்சாரம், பம்ப்புக்கு சம்பந்தமே இல்லை. ஒரு சுற்றுக்கு ரெண்டு இடத்தில் இறுகி இறுகி விட்டால், ஸ்டீயரிங் தண்டில் இருக்கிற யுனிவர்சல் ஜாயிண்ட் மேல் சந்தேகப்படுங்க. எங்கேயும் ஒரே சீராக இறுக்கமா? டை ராடைக் கழற்றிவிட்டு சக்கரத்தைத் தனியா, ரேக்கைத் தனியா ஆட்டிப் பார்த்தால் குற்றவாளி பால் ஜாயிண்ட்டா ரேக்கா என்று தெரிஞ்சுடும்.

இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. ஆனால் ஒரு பட்டறையில் என் வண்டியை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பம்ப்பும் ரேக்கும் மாத்தணும்னு ஆயிரம் டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். டப்பா மூடியைக்கூடத் திறக்கவில்லை. வீட்டில் நான் திறந்தேன். உள்ளே ஒரே நுரை. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸ் முனை கட்டையா இறுகிப்போயிருந்தது. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் ஒரு சொட்டு வெளியே கசியாமலேயே காற்று மட்டும் உள்ளே போகும். ஹோஸை மாற்றி, காற்றை வெளியேற்றியதும் முனகல் போச்சு. கனம் போகவில்லை! அது துருப்பிடித்த யுனிவர்சல் ஜாயிண்ட். புது பம்ப், புது ரேக் எல்லாம் போட்டிருந்தாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். பழைய மியாட்டா ஒன்றிலிருந்து கழற்றிய தண்டை வாங்கிப் போட்டேன். எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகலை.

காசு போனால் சம்பாதிச்சுக்கலாம். அந்த ஜாயிண்ட்டை நினைச்சாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானா நேருக்கு வரணும். இறுகிய ஜாயிண்ட் அதை வர விடாது. மலைப் பாதையில் அடுத்த வளைவுக்குள் போகும்போது கை எதிர்பார்க்கிற இடத்தில் சக்கரம் இருக்காது. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர் பழகிக்கொள்வது இந்த ஆபத்தோடுதான்.

பம்ப் கெடவே கெடாதுன்னு நான் சொல்லலை. கெடும். ஆனால் ஆயில், பெல்ட், ஹோஸ், ஜாயிண்ட் எல்லாம் பார்த்த பிறகு கடைசியில் நிற்க வேண்டிய ஆள் அது. பசித்து அழுகிற பிள்ளையை அதட்டுகிற மாதிரி, ஆயில் இல்லாமல் முனகுகிற பம்ப்பைத் தூக்கிப் போடாதீங்க. எந்த மெக்கானிக்காவது "பம்ப்" என்று ஆரம்பித்தால், "அணைச்சு வெச்சு சுத்திப் பார்த்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்ற முகத்திலேயே விஷயம் தெரிஞ்சுடும் :-)

டிஸ்கி: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீங்க. எஞ்சின் ஓடும்போது ஹோஸ் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீங்க, அழுத்தம் தோலைக் கிழிக்கும். ஆயில் வகைக்கு உங்க வண்டி கையேடு சொல்வதுதான் வேதம்.