வயநாட்டில் மழை கொட்டினால் ஒகேனக்கல்லில் அடுப்பு எரியாது! தடையால் தவிக்கும் பரிசல் தொழிலாளர்கள்

தர்மபுரி:
குடும்பத்தோடு வேன் பிடித்து, எண்ணெய் தேய்த்து குளிக்கலாம், மீன் வறுவல் சாப்பிடலாம் என்று ஒகேனக்கல்லுக்கு கிளம்பி வருவார்கள். பாதி வழியில் போலீசார் கை காட்டுவார்கள். "குளிக்க தடை, பரிசலுக்கும் தடை". அவ்வளவுதான், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தென்மேற்கு பருவமழை வலுத்தாலே இந்த கதைதான்.

காரணம் என்ன?

கேரளாவில் வயநாட்டில் மழை கொட்டினால் கர்நாடகாவின் கபினி அணை நிரம்பும். குடகில் பெய்தால் கிருஷ்ணராஜசாகர் நிரம்பும். 2 அணைகளிலும் திறந்து விடும் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக தமிழகத்துக்குள் நுழைந்து நேராக ஒகேனக்கல்லுக்குத்தான் வருகிறது. 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து 1½ லட்சம் கனஅடியை தாண்டியது. மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. மெயின் அருவி, ஐந்தருவி எல்லாம் வெள்ளத்தில் மூழ்கி பாறையே தெரியாமல் போனது. இப்படிப்பட்ட நேரத்தில் தடை போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. 2015-ல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தினர் பலியானதை இந்த ஊர் மறக்கவில்லை.

அன்றாடங்காய்ச்சிகள் பாடு

ஆனால் தடை என்றால் பரிசல் ஓட்டிக்கு அன்று கூலி கிடையாது. மசாஜ் தொழிலாளிக்கு வேலை இல்லை. மீன் வாங்கி கொடுத்தால் சமைத்து தரும் பெண்களின் அடுப்பும் அணைந்து விடும். கோடையில் தண்ணீர் குறைந்து கூட்டம் குறையும். தண்ணீர் வந்தால் தடை வரும். இடையில் கிடைக்கும் நாட்களில்தான் வருஷத்து பொழப்பு.

கடலில் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துக்கு மீனவ குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. ரூ.5 ஆயிரமாக இருந்தது 2024-ல் ரூ.8 ஆயிரமாக உயர்ந்தது. மீன் வளத்துக்காக தொழிலை நிறுத்தினால் நிவாரணம் உண்டு என்றால், மக்கள் உயிரை காக்க பரிசலை நிறுத்தும்போதும் தருவதுதானே நியாயம்?

ஆபத்து எங்கே?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூரத்தில் இருந்து செலவு செய்து வந்தவர்களில் சிலர் ஏமாற்றத்தில் ஆள் இல்லாத கரையோரம் இறங்கி விடுகிறார்கள். அங்கே தடுப்பு கம்பி கிடையாது. வழுக்கு பாறை, சுழல் எல்லாம் உண்டு. முதலையும் உண்டு. உயிரை காக்க போட்ட தடையே உயிருக்கு உலை வைத்து விடக்கூடாது.

வீட்டை விட்டு கிளம்பும் முன்பே தடை விவரம் தெரிய வேண்டும். சேலம், தர்மபுரி, ஓசூர் பஸ் நிலையங்களில் அன்றாடம் நீர்வரத்தையும் தடை நிலவரத்தையும் பலகையில் எழுதி வைத்தாலே பாதி பேர் பஸ் ஏற மாட்டார்கள். வெள்ளம் குறைந்ததும் ஆழம் இல்லாத இடங்களை கம்பி கட்டி, ஆள் நிறுத்தி முதலில் திறந்து விடலாம்.

காவிரியில் குளிப்பது ஏழைக்கு கிடைக்கும் மலிவான சந்தோஷம். அதற்கு பாதுகாப்பும் வேண்டும், பரிசல் ஓட்டி வீட்டில் உலை கொதிக்கவும் வேண்டும்.