‘விபத்து’ என்று சொன்ன வழிகாட்டி

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். நெடுந்தீவில் இறங்கி வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். வழிகாட்டி, தீவிலேயே பிறந்த இளைஞர். கூட வந்தவர்கள் ஒரு ஜேர்மன் தம்பதியும் காலியைச் சேர்ந்த இரண்டு சிங்கள இளைஞர்களும்.

பவளக்கல் மதில்கள், பெருக்குமரம், பழைய கோட்டை, குதிரைகள் என எல்லாவற்றையும் அவர் ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் சொன்னார். கூரையில்லாத வீடொன்றின் முன் ஜேர்மன் பெண் சைக்கிளை நிறுத்தி, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். “வோர்” என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் குமுதினி நினைவாலயத்தைக் காட்டி, இது என்ன என்று காலி இளைஞர்கள் கேட்டார்கள். “படகு விபத்து” என்று சிங்களத்தில் பதில் வந்தது. நானும் வாய் திறக்கவில்லை.

1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பொதுமக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். அது விபத்தல்ல என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“எல்லாம் தெரியும் அக்கா. இங்கிலீசில சொல்லப்போனா ரெண்டு வசனத்தோட முடிஞ்சுபோகுது. சிங்களத்தில சொல்லப் பயமாக் கிடக்கு” என்றார் பிறகு. தமிழில் என்னிடம் அரைமணிநேரம் பேசினார்.

குறைந்த காபன் சுற்றுலா பற்றிப் பேசும்போது சைக்கிளையும் சூரியமின்கலத்தையும் எண்ணுகிறோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமும் ஆனது. ஆனால் பஸ்ஸில் வருபவர் வழிகாட்டி காட்டுவதைத்தான் பார்ப்பார். சைக்கிளில் வருபவர் நினைத்த இடத்தில் நிற்பார், நினைத்ததைக் கேட்பார். பயணம் மெதுவாக ஆக ஆக, வழிகாட்டியின் பேச்சுக்கு வேலை கூடுகிறது.

நான் பார்த்த பயிற்சிக் குறிப்புகளில் வரவேற்புச் சொற்களும் விலை சொல்லும் ஆங்கிலமும் இருந்தன. ஒரு கொலையை, கேட்பவரை அவமதிக்காமலும் உண்மையைக் குறைக்காமலும் எப்படிச் சொல்வது என்பது இல்லை. அதை முதலில் தமிழில், ஊர் முதியவர்களிடம் கேட்டுப் பழகவேண்டும். சிங்களத்திலும் அதே அக்கறையோடு பழகவேண்டும். எந்த வீட்டு வாசலில் நிற்கக்கூடாது, யாருடைய துயரைக் காட்சிப்பொருளாக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதும் தொடர்பாடல் திறன்தான்.

ஆனால் பயத்துக்கு மொழிவகுப்பு மருந்தல்ல. இறந்தவர்களின் குடும்பங்களும் பிரதேச சபையும் சேர்ந்து மூன்று மொழிகளிலும் ஒரு பக்கக் குறிப்பை எழுதி வழிகாட்டிகளின் கையில் கொடுக்கலாம். அப்போது அது ஊரின் கூற்றாக இருக்கும். பாரம் தனியே ஒரு தம்பியின் தலையில் விழாது.

காலி இளைஞர்கள் நல்லவர்கள். உண்மையாகத்தான் கேட்டார்கள். அவர்கள் அன்று விபத்தென்ற கதையோடு வீடு திரும்பினார்கள்.